நினைவோடு வரும் பிள்ளை

தத்தெடுக்கக் காத்திருக்கும் பெற்றோரின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஆறு வயதையும் பத்து வயதையும் கடந்த பிள்ளைகளோ இல்லங்களில் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வரிசைகளும் சந்திக்காமல் போவது ஏன்? சந்திக்க வைப்பது யார் பொறுப்பு?

தத்தெடுப்பு என்றதும் தமிழ் மனத்தில் முதலில் எழுவது தொட்டிலில் கிடக்கும் பச்சிளங்குழந்தையின் உருவம். அதற்கு அண்மைக்கால வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டம், பெற்றோர் வளர்க்க இயலாத சிசுவை அரசு ஏற்றுக்கொண்டு வேறொரு குடும்பத்திடம் சேர்க்கும் என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் ஆழமாக விதைத்தது. அந்த எண்ணம் பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தத்தெடுப்பைச் சிசுவோடு மட்டுமே பிணைத்துவிட்டதால், பேசத் தெரிந்த, பள்ளிக்குப் போகிற, தாயின் முகத்தையோ ஊரின் பெயரையோ நினைவில் வைத்திருக்கிற குழந்தைக்கும் ஒரு குடும்பம் வேண்டும் என்ற உண்மை பொதுப் பேச்சின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

இதன் விளைவை எண்களே காட்டுகின்றன. இந்தியாவில் சட்டப்படியான தத்தெடுப்புகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்துக்கு உரியது. இது சுருக்கமாகக் 'காரா' என அழைக்கப்படுகிறது. 2024-25ஆம் ஆண்டில் இந்த ஆணையத்தின் வழியே நிறைவேறிய தத்தெடுப்புகள் 4,515. அவற்றுள் 4,155 நாட்டுக்குள்ளேயே நடந்தவை. மறுபுறம், 2021 டிசம்பரிலேயே பதிவு செய்து காத்திருந்த பெற்றோரின் எண்ணிக்கை 27,939ஐ எட்டியிருந்தது. தத்துச் சட்டங்களை ஆராய்ந்து 2022 ஆகஸ்டில் அறிக்கை அளித்த நாடாளுமன்ற நிலைக்குழு, பெற்றோரை இழந்தோ கைவிடப்பட்டோ ஒப்படைக்கப்பட்டோ இல்லங்களில் வாழ்ந்த 6,996 குழந்தைகளில் 2,430 பேர் மட்டுமே தத்துக்கு உரியவர்கள் எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. ஒரு கைக்குழந்தைக்காக மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கப் பெற்றோர் ஆயத்தமாக இருக்கும் அதே நாட்டில், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தனக்கென ஒருவரும் கேட்டு வராமலேயே ஒன்பதாம் வயதுக்குப் போகிறது.

வருகைப் பதிவேடு சொல்லும் கதை

தத்தெடுப்பு நடைமுறையில் ஐந்து வயதைக் கடந்த குழந்தை 'வயது கூடிய குழந்தை' எனக் கருதப்படுகிறது. இவர்களுள் பலர் சிசுவாக இல்லத்துக்கு வந்து அங்கேயே வளர்ந்தவர்கள் அல்லர். ஒரு வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுப் பிறகு வந்தவர்கள். தாய் இறந்து தந்தை மறுமணம் செய்துகொண்ட வீடு, குடிப்பழக்கத்தாலோ சிறைத்தண்டனையாலோ சிதறிய வீடு, தீராத நோயால் பாட்டியின் பொறுப்புக்கு வந்து அந்தப் பாட்டியும் மறைந்துபோன வீடு என இவர்கள் வந்த வழிகள் பல. ரயில் நிலையத்தில் தனியே நின்றதைக் கண்ட காவலர்களாலோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு வந்த அழைப்பாலோ மீட்கப்பட்டவர்களும் உண்டு. வறுமையில் வாடும் தாய் ஒருத்தி, மூன்று வேளைச் சோறும் பள்ளிப்படிப்பும் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தோடு தானே கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளும் தமிழ்நாட்டு இல்லங்களில் கணிசமாக இருக்கிறார்கள்.

இத்தகைய குழந்தையின் நிலை மெல்ல மாறுவதை எந்த ஆய்வைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது இல்லத்தின் வருகைப் பதிவேடு. யார் வந்தார், என்ன உறவு, எந்தத் தேதி, எத்தனை மணி என்ற நான்கு கட்டங்கள் கொண்ட அந்தக் கோடு போட்ட நோட்டில், சேர்ந்த ஆண்டில் மாதந்தோறும் ஒரு கையெழுத்து இருக்கும். அடுத்த ஆண்டில் அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் சுருங்கும். அதற்கடுத்த ஆண்டில் 'அம்மா' என்று எழுதியிருந்த உறவுக் கட்டத்தில் 'சித்தப்பா' என்றோ 'ஊர்க்காரர்' என்றோ வரும். பிறகு அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. பதிவேட்டில் ஓராண்டு வெற்றிடம் விழுந்த பின்னும் அந்தக் குழந்தை, கோப்பைப் பொறுத்தவரை, பெற்றோர் உள்ள பிள்ளையாகவே எண்ணப்பட்டுத் தத்துக்கும் போக முடியாமல் வீட்டுக்கும் போக முடியாமல் இடையில் நிற்கிறது.

இந்த இடைநிலையை நீக்கும் முயற்சியாக, ஓராண்டுக்கும் மேலாக உறவினர் எவரும் வந்து பார்க்காத குழந்தைகளையும், வளர்க்கும் தகுதியோ விருப்பமோ அற்ற பாதுகாவலரை உடைய குழந்தைகளையும் தனிப் பிரிவுகளாக அடையாளம் காணும்படி மாநிலங்களைக் காரா அண்மை ஆண்டுகளில் வலியுறுத்தி வருகிறது. ஆகவே வருகைப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவதும் அதை மாதந்தோறும் யாரேனும் ஒருவர் படித்துப் பார்ப்பதும் வெறும் அலுவலகக் கடமைகள் என ஒதுக்கத்தக்கவை அல்ல. ஒரு குழந்தைக்குக் குடும்பம் தேடும் பணி அந்த நோட்டில்தான் தொடங்குகிறது.

சட்டம் விடுவிக்கும் வரை

பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட எந்தக் குழந்தையையும் யாரும் நேரடியாகக் கொடுத்து வாங்கிவிட முடியாது என்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் அடிப்படை. குழந்தையை முதலில் மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழு, பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகள் குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற சட்ட அமைப்பாகும். குழந்தையின் விவரத்தை வெளியிட்டுப் பெற்றோரைத் தேடவும், ஊருக்குச் சென்று விசாரிக்கவும் குழு ஆணையிடும். யாரும் கிடைக்கவில்லை என்று தெரிந்தால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரண்டு மாதத்துக்குள்ளும் அதற்கு மேற்பட்ட வயதுடைய குழந்தையை நான்கு மாதத்துக்குள்ளும், சட்டப்படி தத்துக்கு உரிய குழந்தை என அது அறிவிக்க வேண்டும். பெற்றோரே ஒப்படைத்த குழந்தையாயின், அவர்கள் மனம் மாறித் திரும்ப அழைத்துக்கொள்வதற்கு 60 நாள் அவகாசம் தரப்படுகிறது.

சட்டத்தில் எழுதப்பட்டுள்ள நான்கு மாதம், நடைமுறையில் ஆண்டுகளாக நீள்வதே பெருங்குறை. விசாரணைக்குச் செல்ல ஆள் இல்லாமை, பிற மாநில முகவரியைத் தேடுவதில் உள்ள தொல்லை, குழுவில் நிரப்பப்படாத இடங்கள், என்றேனும் உறவினர் வரக்கூடும் என்று காத்திருக்கும் இல்லங்களின் தயக்கம் எனக் காரணங்கள் பல. இக்குறையைக் கருத்தில் கொண்டே, உச்சநீதிமன்றம் 2023 நவம்பரில், இல்லங்களில் உள்ள தத்துக்குத் தகுதியான குழந்தைகளை இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை சிறப்பு முனைப்புடன் அடையாளம் காணுமாறும், ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புத் தத்து மையம் அமைக்குமாறும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆறு வயதில் தொடங்கிய விசாரணை ஒன்பது வயதில் முடிந்தால், அந்த மூன்று ஆண்டுகளில் குழந்தை இழப்பது நாள்களை மட்டுமன்று, தன்னை விரும்பக்கூடிய குடும்பங்களையும்தான். ஏனெனில் வயது ஒவ்வொன்றாகக் கூடும்போது அதைக் கேட்டு வருவோர் குறைந்துகொண்டே போகிறார்கள்.

நாற்பத்தெட்டு மணி நேரமும் ஓர் ஆய்வறிக்கையும்

சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தையின் விவரம் 'கேரிங்ஸ்' எனப்படும் இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. தத்தெடுக்க விரும்புவோரும் இதே தளத்தில் பதிவு செய்துகொள்ள, சமூகப் பணியாளர் அவர்கள் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், மணவாழ்வு, குழந்தை வளர்ப்புக்கான மனநிலை ஆகியவற்றை அறிந்து இல்ல ஆய்வறிக்கை எழுதுகிறார். பதிவின் முன்னுரிமைப்படி முறை வரும்போது குழந்தையின் படமும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் குழந்தை ஆய்வறிக்கையும் பெற்றோருக்குக் காட்டப்படும். அவர்கள் 48 மணி நேரத்துக்குள் விருப்பம் தெரிவித்து, பின்னர் நேரில் சென்று குழந்தையைச் சந்தித்து முடிவெடுக்கிறார்கள்.

பெற்றோரின் வயதுக்கும் குழந்தையின் வயதுக்கும் இடையே ஒரு பொருத்தம் வகுக்கப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயது வரையிலான குழந்தையைத் தத்தெடுக்கும் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. நான்கு முதல் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு அந்த வரம்பு 100, எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 110. தனியாக வாழ்பவராயின் எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 55 வயது வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு இடைவெளி வேண்டும். நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் தம்பதியர், கைக்குழந்தைக்கான வரிசையில் வயது வரம்பைக் கடந்துவிட்டதாக மனம் தளரும்போது, பத்து வயதுப் பிள்ளைக்குத் தாங்கள் முற்றிலும் தகுதியானவர்கள் என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்வோர் அரிது.

வரிசைப்படி காட்டியும் குடும்பம் அமையாத குழந்தைகளுக்காக மற்றொரு வாயிலும் திறக்கப்பட்டுள்ளது. பதிவின் முன்னுரிமையைப் பாராமல், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழும் இந்தியப் பெற்றோர் எவரும் அக்குழந்தைகளை ஏழு நாள்களுக்குள் தேர்ந்தெடுக்கலாம். அதன் பின்னரும் எவரும் முன்வராவிடில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு வாய்ப்பு அளிக்கப்படுகிறது. இந்தியக் குடும்பங்கள் தயங்கி விட்ட வயது கூடிய குழந்தைகளையும் உடற்குறை உள்ள குழந்தைகளையும் கடல் கடந்த குடும்பங்கள் ஏற்றுக்கொள்வது பல ஆண்டுகளாக நடந்துவரும் உண்மை. அந்தக் குடும்பங்கள் நன்றிக்குரியவை. ஆயினும் ஏழு வயதில் ஒரு மொழியையும் உணவையும் மண்ணையும் ஒருசேர விட்டுப் போகும் நிலை, உள்ளூரில் ஒரு கதவு திறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நேர்ந்திராது.

இந்த முழு நடைமுறையிலும் வயது கூடிய குழந்தையின் எதிர்காலம் பெரிதும் தங்கியிருப்பது குழந்தை ஆய்வறிக்கை என்ற ஒரே ஆவணத்தில்தான். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இத்தகைய குழந்தைகளின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2001இல் தொடங்கியதைப் போல, தேர்ந்த ஒளிப்படக் கலைஞர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்துக் குடும்பம் தேடும் முறை இங்கே சாத்தியமில்லை. குழந்தையின் மானத்தைக் காக்கும் இந்தத் தடை சரியானதே. படம் பேச முடியாத இடத்தில் சொல்தான் பேச வேண்டும். ஆனால் அந்தச் சொற்கள் பெரும்பாலும் எப்படி அமைகின்றன? 'நல்ல உடல்நலத்துடன் உள்ளான். எல்லோருடனும் பழகுவான். படிப்பில் சுமார்.' இந்த மூன்று வரிகள் ஆயிரம் குழந்தைகளுக்குப் பொருந்தும். ஆகவே எந்தக் குழந்தையையும் அடையாளம் காட்டுவதில்லை. மாறாக, சைக்கிள் சங்கிலியைத் தானே மாட்டுவான், கணக்கில் பெருக்கல் வரை வந்திருக்கிறான், இருட்டுக்குப் பயம், விளக்கு எரிந்தால் தூங்குவான், தங்கையைப் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவான் என்று ஓர் அறிக்கை சொல்லுமானால், அதைப் படிக்கும் பெற்றோர் ஒரு பிள்ளையைக் காண்கிறார்கள். அவனால் என்ன முடியும் என்பதோடு தங்களிடம் அவன் எதை எதிர்பார்ப்பான் என்பதையும் அறிகிறார்கள். குறையை மறைத்து எழுதிய அறிக்கை குழந்தைக்கு இழைக்கப்படும் தீங்கு. வீட்டுக்கு வந்த பின் தெரியவரும் உண்மையைப் பெற்றோர் ஏமாற்றமாக உணர, அந்த ஏமாற்றத்தின் சுமை குழந்தையின் மேலேயே விழுகிறது.

ஐந்தில் வளையாதது என்னும் அச்சம்

வயது கூடிய குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்தில் எழும் முதல் எதிர்ப்பு, 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியின் வடிவில் பாட்டியிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வருகிறது. குழந்தைக்குப் பழைய வீடு நினைவில் இருக்கும், ஒட்டாது, ஒருநாள் பெற்றவர்களைத் தேடிப் போய்விடும் என்பது அதன் உட்பொருள். இந்த அச்சத்தை ஏளனம் செய்வதால் பயனில்லை. அதன் அடியில் உள்ள கேள்வி நேர்மையானது. அன்பு என்பது முதல் சில ஆண்டுகளில் மட்டுமே வேர்விடும் ஒன்றா?

குழந்தைக்கும் அதைத் தொடர்ந்து பராமரிக்கும் பெரியவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பே மனநலத்தின் அடித்தளம் என்பதை, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய ஆய்வில் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் பவுல்பி வலியுறுத்தினார். தொடக்க ஆண்டுகள் மிக முக்கியமானவை என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன. ஆனால் இதிலிருந்து எழும் முடிவு, காலம் கடந்துவிட்டது என்பதன்று. இனியும் காலம் கடத்தக் கூடாது என்பதே. ஒரு பாட்டியிடமோ அக்காவிடமோ ஒருமுறை அன்பைப் பெற்ற குழந்தைக்கு அன்பு என்றால் என்ன என்று தெரியும். அந்த நினைவே மறுபடியும் ஒருவரை நம்புவதற்கான முதலீடு. நினைவைத் தடையாகக் கருதும் குடும்பம் அந்த முதலீட்டையே அழிக்க முயல்கிறது.

இல்லத்திலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளையின் முதல் மாதங்கள் எவ்வாறிருக்கும் என்பதைக் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, எண் எழுதிய தட்டையும் பொது அலமாரியில் உள்ள உடையையும் பயன்படுத்திப் பழகிய குழந்தைக்கு, தனக்கென ஒரு தட்டு, ஓர் அலமாரித் தட்டு, எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய பிஸ்கட் டப்பா ஆகியவை புரியாத சுதந்திரங்கள். சில பிள்ளைகள் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டையும் சப்பாத்தியையும் ஒளித்து வைப்பார்கள். பசி தீர்ந்த பிறகும் பசி வருமோ என்ற பயம் தீர மாதங்கள் ஆகும். முதல் சில வாரங்கள் மிகையான ஒழுக்கத்துடன் நடந்துகொண்ட பிள்ளை திடீரென முரண்டு பிடிப்பதும், பொய் சொல்வதும், 'என்னைத் திரும்ப அனுப்பிடுங்க' என்று கத்துவதும் உண்டு. இதைக் குணக்கேடு என்று படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். இவர்களும் விட்டுவிடுவார்களா என்பதைச் சோதித்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் நம்பத் தொடங்குவதில்லை. அந்தச் சோதனைக்கு உரிய விடை, மறுநாள் காலையும் வழக்கம்போல டிபன் கட்டிப் பள்ளிக்கு அனுப்புவதுதான்.

பெயரும் மொழியும் இங்கே சிறப்பாகக் கருதத்தக்கவை. எட்டு வயதுவரை ஒரு பெயரால் அழைக்கப்பட்ட குழந்தைக்கு அந்தப் பெயரே தன் பழைய வாழ்விலிருந்து எடுத்துவந்த ஒரே சொத்தாக இருக்கக்கூடும். அதை ஜாதகத்துக்காகவோ குலதெய்வத்துக்காகவோ மாற்றுவதற்கு முன் குழந்தையிடம் கேட்பது குறைந்தபட்ச மரியாதை. தத்தெடுப்பு மாநில எல்லைகளைக் கடந்து நடப்பதால், தமிழ்க் குடும்பத்துக்கு ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளை வருவதும் இயல்பு. 'பசிக்குதா', 'வலிக்குதா', 'பயமா இருக்கா' என்ற மூன்று கேள்விகளையாவது அந்தக் குழந்தையின் மொழியில் கேட்கப் பெற்றோர் கற்றுக்கொண்டால், அது தமிழ் கற்பதற்கு முன்பே வீட்டில் தனக்கு இடமுண்டு என்பதை உணர்ந்துகொள்ளும்.

வளர்ப்புப் பராமரிப்பு என்னும் பாலம்

ஒரு முறை சந்தித்துவிட்டு வாழ்நாள் முடிவை எடுப்பது பெற்றோருக்கும் கடினம், பிள்ளைக்கும் கடினம். இந்த இடத்தில்தான் வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாடு பொருள் பெறுகிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறும் இம்முறையில், குழந்தை தன் உரிமைகளில் மாற்றமின்றி வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் குறிப்பிட்ட காலம் வாழ்கிறது. குழந்தைகள் நலக் குழுவும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அதைக் கண்காணிக்கின்றன. தத்தெடுப்பில் குழந்தை அக்குடும்பத்தின் சட்டப்படியான பிள்ளையாகி வாரிசுரிமை உள்ளிட்ட எல்லா உரிமைகளையும் பெறுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் பெறுவதில்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

2024இல் திருத்தி வெளியிடப்பட்ட மாதிரி வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இந்த ஏற்பாட்டை வயது கூடிய குழந்தைகளுக்கு நெருக்கமாக்கின. இல்லங்களில் வாழும் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது பொருந்தும். முன்பு தம்பதியருக்கு மட்டுமே இருந்த வாய்ப்பு, மணமாகாதவர்களுக்கும் துணையை இழந்தவர்களுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் விரிக்கப்பட்டது. தனியாக வாழும் ஆண், ஆண் குழந்தையை மட்டும் ஏற்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தையை அக்குடும்பமே தத்தெடுப்பதற்கு முன்பு ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. இப்போது இரண்டு ஆண்டுகள் போதும். 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் கீழ் இத்தகைய பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் வகுக்கப்பட்டுள்ளது. 2024 நவம்பரில் கடைப்பிடிக்கப்பட்ட தேசியத் தத்தெடுப்பு விழிப்புணர்வு மாதத்துக்குக் கருப்பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், வயது கூடிய குழந்தைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு வழியே மறுவாழ்வு என்பதுதான்.

இந்த இரண்டு ஆண்டுகளைச் 'சோதனை ஓட்டம்' என்று எவரும் கருதக் கூடாது. பிள்ளையைப் பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு வருபவர், ஏற்கெனவே ஒருமுறை வீட்டை இழந்த குழந்தைக்கு இரண்டாவது இழப்பைத் தருகிறார். நெருங்குவதற்கும் முரண்படுவதற்கும் மீண்டும் நெருங்குவதற்கும் இரு தரப்புக்கும் தரப்பட்ட காலம் அது என்று கொள்வதே முறை.

தேடலின் திசையை மாற்றுதல்

இன்றைய தத்தெடுப்பு முறை, குழந்தை வேண்டும் என்று கேட்டு வரும் பெற்றோருக்குக் குழந்தையைக் காட்டும் முறை. கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை இது செயல்படுகிறது. வயது கூடிய குழந்தைக்கோ இந்தத் திசை பொருந்துவதில்லை. அங்கே குழந்தையிடமிருந்து தொடங்கிக் குடும்பத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் 'வெண்டிஸ்' உணவகங்களை நிறுவியவரும் தாமே தத்துப்பிள்ளையாக வளர்ந்தவருமான டேவ் தாமஸ் 1992இல் தொடங்கிய அறக்கட்டளை, இந்தத் திசைமாற்றத்தைச் செயலில் காட்டியது. அது நிதியளிக்கும் பணியாளர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்த பிள்ளைகளில் சிலரை மட்டும் பொறுப்பேற்று, ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் தொடக்கத்திலிருந்து படித்து, அதன் வாழ்வில் எப்போதேனும் அக்கறை காட்டிய ஆசிரியர், பயிற்சியாளர், தூரத்து உறவினர், பழைய அண்டைவீட்டார் எனப் பட்டியலிட்டு, அவர்களிடம் ஒவ்வொருவராகச் செல்கிறார்கள். 2011இல் வெளியான மதிப்பீட்டில், இவ்வாறு தேடப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைக் காட்டிலும் 1.7 மடங்கு அதிகமாகத் தத்தெடுக்கப்பட்டதும், வயது கூடியவர்களிடத்தில் இந்த வேறுபாடு மூன்று மடங்கு வரை இருந்ததும் தெரியவந்தன.

இந்த வழி தமிழ்ச் சமூகத்துக்கு அந்நியமானதன்று. அக்காள் பிள்ளையை எடுத்து வளர்ப்பதும், அண்டைவீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைப்பதும் இங்கே நெடுங்கால வழக்கங்கள். ஓர் இல்லத்துப் பிள்ளையின் அன்றாட வட்டத்தில் பள்ளி ஆசிரியை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர் இருக்கிறார். ஆண்டுதோறும் தம் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்து, அதே பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போகும் குடும்பம் இருக்கிறது. இவர்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று எண்ணிப் பார்க்காததற்குக் காரணம் மனமின்மை ஆகாது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் வயது கூடிய குழந்தைகளுக்கென்றே ஒரு பணியாளரை நியமித்து, குறைந்த எண்ணிக்கையிலான கோப்புகளை அவரிடம் ஒப்படைத்து, கேட்கும் கடமையை அவருடையதாக்குவதே அரசு உடனடியாகச் செய்யத்தக்க சீர்திருத்தம்.

கேட்பது சட்டத்தின் வழியிலேயே நடக்க வேண்டும் என்பதும் இன்றியமையாதது. கொரோனா இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளைப் பகிர வேண்டாம் என அரசு எச்சரிக்க நேர்ந்தது. நடைமுறையைக் கடந்து குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். குறுக்கு வழியில் வந்த பிள்ளையின் உரிமை ஒவ்வொரு சான்றிதழிலும் தடுமாறும். தத்தெடுக்கும் உரிமை எல்லாச் சமயத்தவருக்கும் சிறார் நீதிச் சட்டத்தில் உண்டு என்பதை உச்சநீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதிப்படுத்தியது. சட்டம் திருத்தப்பட்டு 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குவதால், இறுதிக் கட்டத்தின் அலைச்சலுக்கும் தீர்வு காண வழி செய்யப்பட்டுள்ளது.

பிள்ளையின் சம்மதம்

கைக்குழந்தையிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டாக வேண்டும். தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் முன், வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்பக் குழந்தையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 61ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் விருப்பம் என்பது ஒரு படிவத்தில் வாங்கும் கையெழுத்தோடு முடிவதில்லை. வேறொரு குடும்பத்துக்குப் போனால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதாகுமா, தங்கையை மறுபடி பார்க்க முடியுமா, பிடிக்காவிட்டால் யாரிடம் சொல்வது என்ற கேள்விகளைப் பிள்ளை கேட்கவும், அவற்றுக்கு உண்மையான விடைகளைப் பெறவும் பல வாரங்கள் தேவை. உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே குடும்பத்தில் சேர்க்கக் கேரிங்ஸ் தளத்தில் தனிப் பிரிவே இருக்கும்போது, வசதிக்காக அவர்களைப் பிரிக்க நினைப்பது கொடுமை. பிறந்த ஊர், பழைய பள்ளி, கிடைத்த ஒன்றிரண்டு படங்கள் ஆகியவற்றை ஓர் ஏட்டில் ஒட்டிப் பிள்ளையோடு சேர்ந்து எழுதும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. புதிய வீட்டுக்குத் தன் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் பிள்ளை வெறுங்கையோடு போவதில்லை.

தத்தெடுப்புக்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. வயது கூடிய குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த வருகை, நலம் விசாரித்துக் கையெழுத்து வாங்கும் சடங்காகக் குறுகினால், சிக்கல் முற்றிய பின்னரே வெளியே தெரியும். குடும்பத்துக்கு ஆலோசகர் ஒருவரும், பள்ளிக்கு ஒரு விளக்கமும், இதே பாதையில் முன்னே சென்ற பெற்றோர்களின் துணையும் தொடர்ந்து கிடைக்குமானால், பிள்ளைகள் திருப்பி அனுப்பப்படும் துயரத்தில் பெரும்பகுதி நிகழாமலே போகும்.

இல்லத்தின் பராமரிப்பு 18 வயதில் முடிகிறது; அதன் பின் 21 வயது வரை பின்பராமரிப்பு உதவியைச் சட்டம் வகுத்திருக்கிறது. வேலைக்கான முதல் நேர்காணலுக்குப் போகும்போதும், காய்ச்சலில் படுத்திருக்கும்போதும், திருமண அழைப்பிதழில் பெற்றோர் பெயர் எழுத வேண்டிய இடத்திலும் அந்த உதவி துணைக்கு வருவதில்லை. பத்து வயதில் காத்திருக்கும் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது எட்டு ஆண்டுகள். அவற்றுள் இரண்டை வளர்ப்புப் பராமரிப்புக்கும் சில மாதங்களைக் கோப்புகளுக்கும் கொடுத்தாலும், ஒரு மகனாகவோ மகளாகவோ வளர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மிஞ்சும். வயது வரம்பைக் கடந்துவிட்டதாக எண்ணிக் கைவிட்டவர்களும், தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளும், தனியாக வாழ்ந்தாலும் ஒரு பிள்ளையை ஆளாக்கும் வலிமை தம்மிடம் உண்டு என்று அறிந்தவர்களும், தத்தம் மாவட்டத்திலுள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒருமுறை நேரில் சென்று விசாரிக்க வேண்டும். கைக்குழந்தை வேண்டும் என்று கேட்பவர்களை அந்த அலுவலகங்கள் நாள்தோறும் பார்க்கின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு வீடு தர வந்திருக்கிறோம் என்று சொல்பவர்களுக்காகத்தான் அங்கே கோப்புகள் காத்திருக்கின்றன.